வெயில்லயா, வெளியிலயா?

குதிரை வண்டியின் மணிச்சத்தம் கீழ்வளைவில் கேட்டதுமே பங்களா வேலைக்காரி இராக்கம்மா விளக்குமாற்றைப் போட்டுவிட்டு முற்றத்துக்கு ஓடினாள்.

தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் மனைவி, துரைசாணி, வருகிறாள்! இங்கே பங்களா முற்றத்தில் நிற்கும் அவளுடைய தொட்டிச் செடிகளில் ஒன்றுகூடப் பச்சையாக இல்லை. மிளகாய்ப் பழம் மாதிரி சிவந்து கிடக்கின்றன!

"ஸமீம் நானா! ஓடி வாங்க!"

குசினியிலிருந்து அகப்பையும் கையுமாக வந்தான் சமையல்காரன் ஸமீம். பதுளைக் கடைத்தெருவில் பிறந்து வளர்ந்தவன். வீடு பற்றி எரிந்தாலும் முதலில் கிண்டல், பிறகுதான் தண்ணீர்.

"அடேயப்பா! துரைசாணிட புள்ளைகளுக்கு அம்மை போட்டிருக்கே!"

பிள்ளைகள் என்றால் பிள்ளைகள்தான். சீமையிலிருந்து கப்பலில், மடியில் வைத்துக் கொண்டுவந்த செடிகள். கற்றாழை போலச் சதைபிடித்த இலைகள், அடுக்கடுக்காகத் தாமரை வடிவில். மலைக்குளிர் ஆகாது என்று அவற்றைக் கூடத்துக்குள் திரை போட்ட ஜன்னலோரம் வைத்திருந்தாள் துரைசாணி. அங்கே அவை வெளுத்து, கழுத்து நீண்டு, கோணிக்கொண்டு நின்றன.

நுவரெலியாவுக்குப் புறப்பட்ட அன்று, வண்டியில் ஏறிக்கொண்டே சொன்னாள்:

"இராக்கா! தொட்டி எல்லாம் வெய்லே வை!"

புத்தகம் பார்த்துப் படித்த தமிழ். "ஆகட்டுங்க" என்று தலையாட்டினாள் இராக்கம்மா. அன்றைக்கே தொட்டிகளை வெயிலுக்குத் தூக்கினாள். காலை வெயில் விழும் கொய்யா மரத்தடி நிரம்பிவிட்டது. மிஞ்சிய ஒரு தொட்டியை முற்றத்து நடுவில் வைத்தாள். இலை நுனி சிவக்கத் தொடங்கியபோது பயந்தாள்தான். ஆனால் துரைசாணி சொல்லைத் தட்டலாமா?

"தங்கச்சி," ஸமீம் குரலைத் தாழ்த்தினான். "அவ வெயில்லனு சொல்லியிருக்க மாட்டா. வெளியிலனு சொல்லியிருப்பா. வெளி விறாந்தையில, நிழல்ல! நீ பொரிச்சே எடுத்துட்டியே!"

இராக்கம்மா தலையில் அடித்துக்கொண்டாள். வெளியில! கடவுளே, ஆமாம், அப்படித்தான் இருக்கும்!

வேலை போனால் அதோடு நிற்காது. பங்களாவின் பின்னறையும் போகும். அங்கேதான் அவள் புருஷன் வீரய்யா, மலையில் சறுக்கி உடைந்த காலோடு கிடக்கிறான். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வந்து நிற்க முடியாதவனுக்கு, கூலிகளின் லய வரிசையில் எந்தக் கங்காணி ஓர் அறை, ஒரு காம்பரா கொடுப்பான்?

"உள்ளே கொண்டு போய் வச்சிடுறேன் நானா. இருட்டுல நிறம் தெரியாது!"

ஒரு தொட்டியை வாரி எடுத்தாள். படியில் கால் வைத்தாள். பின்னால் வண்டிச் சக்கரம் கிறீச்சிட்டு நின்றது.

"இராக்கா! நில்லு!"

நின்றாள். துரைசாணி தொப்பியைக்கூடக் கழற்றாமல் விடுவிடுவென்று வந்து தொட்டியை வாங்கினாள். திருப்பினாள். இலையைத் தடவினாள். குதிரை செருமியது. ஸமீமின் அகப்பையிலிருந்து குழம்பு சொட்டியது.

"சிவப்பு!" துரைசாணி கத்தினாள். "என் அம்மா வீட்டு ஜன்னல்லே இதே சிவப்பு! இங்கே வந்து எல்லாம் வெள்ளை ஆச்சு. இந்த மலை அதுக்குப் பிடிக்கலேன்னு நினைச்சேன்!"

கண்ணில் நீர் தளும்பச் சிரிக்கிறாள்! இராக்கம்மா மூச்சை விட்டாள். பாதிதான் விட்டிருப்பாள், அதற்குள் துரைசாணியின் பார்வை முற்றத்து நடுவுக்குப் போனது. அங்கே இருந்த செடியின் இலைகளில் சூடு போட்டது போலக் கருகல்.

"இது என்ன?"

"அது... அதுக்கு நாள் பூரா வெயிலுங்க."

"மத்தது?"

"கொய்யா மரத்தடியிலங்க. காலை வெயில்தான் படும். உச்சிக்கு மேல நிழலுங்க."

துரைசாணி அதையும் இதையும் மாறி மாறிப் பார்த்தாள். கருகிய இலையை மெல்லக் கிள்ளி எடுத்தாள். அடியில் குருத்து உயிரோடு இருந்தது.

"பிழைக்கும். அதையும் கொய்யா மரத்துக்குக் கொண்டு போ."

இராக்கம்மாவுக்குத் துணிச்சல் வந்துவிட்டது. "துரைசாணி, அன்னைக்கு நீங்க வெயில்லனுதானே சொன்னீங்க?"

"வெயில்? இல்லையே! வெய்லே. வீட்டுக்கு வெய்லே."

குசினி வாசலில் ஸமீமுக்குப் பலத்த இருமல்.

"சரி, சரி," துரைசாணிக்கு முகம் சிவந்தது, செடிக்குச் சமமாக. "இனிமேலும் தொட்டி வெய்லே வை."

"எதுங்க துரைசாணி? வெயில்லயா, வெளியிலயா?"

"ரெண்டும்!"

இராக்கம்மா பின்னறைக்கு ஓடினாள். சத்தமெல்லாம் கேட்டுப் பயந்துபோய், வீரய்யா நொண்டிக்காலை நீட்டி உட்கார்ந்தபடியே பாயைச் சுருட்டிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான்.

"எப்பப் போகச் சொன்னாங்க?" என்றான்.

அவள் கயிற்றைப் பிடுங்கி மூலையில் எறிந்தாள். "பாயை விரிங்க. நான் கொஞ்ச நேரம் படுக்கணும்."