சொந்த விருப்பம்

"கையெழுத்தப் போட்டுத் தொல. நேரமாகுது." பெயிண்டர் மகளைப் பள்ளியிலிருந்து விலக்கும் விண்ணப்பத்தை மனைவியின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

பள்ளிக்கூடத்தில் பதினான்கு வருடமாகக் கூட்டிப் பெருக்கும் ஆயாம்மா அவள். அங்கேயே பத்தாவது படிக்கும் மகளுக்குச் சடை பின்னிக்கொண்டிருந்த கை நின்றுபோனது.

"பாப்பா படிக்கணும்னுதானேங்க சொல்றா?"

"படிச்சுக் கிழிச்சா. கணக்குல ஒம்பது மார்க். பரீட்சையில ஃபெயிலாகி அசிங்கப்படுறதுக்கு இப்பவே தையல் கம்பெனிக்குப் போகட்டும். உங்க ஸ்கூல் பெரிய சார் எனக்குச் சுவரெழுத்து வேலை குடுத்திருக்காரு. அதுல மண்ணைப் போட்டுடாத."

பள்ளிச் சுவரில் எழுத வேண்டியது 'நூறு சதவீதத் தேர்ச்சி'. பரீட்சைக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது.

தேர்ச்சி குறைந்து மூடும் நிலைக்கு வந்த பள்ளி அது. தூக்கி நிறுத்தச் சொல்லி மேலிடம் அனுப்பிய தலைமையாசிரியர் வந்த வேகத்தில் ஒரு பட்டியல் போட்டார். தேறாத பிள்ளைகள் பதினொரு பேர். அவர்களைப் பரீட்சைக்கு முன்பே வெளியே அனுப்பிவிட்டால் மிச்சமிருப்பவர்கள் எல்லோரும் பாஸ். நோயாளியைத் தெருவில் தள்ளிவிட்டு ஆஸ்பத்திரியில் நோயே இல்லை என்று மார்தட்டுகிற புத்திசாலித்தனம் இது. இதற்குச் சீர்திருத்தம் என்று பெயர் வைக்க வெட்கமாகக்கூட இல்லை அந்த மனிதருக்கு. விண்ணப்பத்தில் 'விலகக் காரணம்' என்ற இடத்தில் என்ன எழுத வேண்டும் என்பதையும் அவரே சொல்லிக் கொடுத்திருந்தார்: 'சொந்த விருப்பம்'. பத்து பெற்றோர் அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

"அம்மா, நான் போகலம்மா" என்றாள் மகள், திரும்பாமலே.

ஆயாம்மா சடையை முடிந்துவிட்டாள். பேனாவை வாங்கினாள். காரணத்தை எழுதி, கையெழுத்தும் போட்டு மடித்துக்கொண்டாள். பெயிண்டர் பெருமூச்சு விட்டுத் தூரிகைகளைக் கழுவப் போனார்.

"நீ போய் கிளாஸ்ல உட்காரு" என்று பள்ளி வாசலில் மகளை அனுப்பிவிட்டு, விளக்குமாறும் கையுமாகத் தலைமையாசிரியர் அறைக்குள் நுழைந்தாள்.

அவர் விண்ணப்பத்தைப் பிரித்தார். 'கணக்கு வாத்தியார் மூன்று வருடமாக இல்லை. அதனால் என் மகளைப் போகச் சொல்கிறார்கள்.'

"என்னம்மா இது? சொந்த விருப்பம்னுதானே எழுதச் சொன்னேன்?"

"எனக்கு அப்படி ஒரு விருப்பம் இல்லீங்களே சார்."

"இது மேலிடத்துக்குப் போற காகிதம். தெரியுமா?"

"தெரியுங்க சார். அதான் படிக்கிறவங்களுக்குப் புரியட்டும்னு நிறுத்தி எழுதினேன்."

"வேற ஃபாரம் தரேன். ஒழுங்கா எழுதிக் குடு."

"எத்தனை குடுத்தாலும் இதையேதாங்க எழுதுவேன். வேற காரணம் எனக்குத் தெரியாது."

அவர் முகம் கறுத்தது. விண்ணப்பத்தை நாலாகக் கிழித்துத் தரையில் வீசினார். "உன் பொண்ணு இங்கயே கிடந்து ஃபெயிலாகட்டும். இந்தக் குப்பையக் கூட்டிட்டுக் கிளம்பு."

ஆயாம்மா குனியவில்லை. மேஜை மேல் அடுக்கியிருந்த மற்ற பத்து விண்ணப்பங்களைப் பார்த்தாள்.

"அதையும் கிழிச்சுப் போட்டுடுங்க சார். ஒரேயடியாக் கூட்டிடறேன்" என்றாள்.