புகாரே வராத கிளை

துறைமுகக் கிளையில் சுமை தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவளை மலையடிவாரக் கிடங்குக்கு மாற்றினார்கள். வந்த அன்றே வண்டிச் சாவிக்குப் பதிலாக ஒட்டு டேப்பைக் கையில் திணித்தார் மேனேஜர்.

"பொம்பளைங்களுக்கு இங்க பேக்கிங்தான்மா."

"லைசென்ஸ் இருக்கு சார்."

"இருக்கட்டும். பத்திரமா வச்சுக்க."

பேக்கிங் அக்காக்களிடம் பொருமித் தள்ளினாள். அவர்களிடமும் ஆளுக்கொரு கதை இருந்தது. ஒருத்தி பிள்ளை பெற்றுத் திரும்பியபோது அவள் இடத்தில் வேறு ஆள். இன்னொருத்தி கறுப்பாம், அதனால் முன் கவுண்டரில் உட்காரக் கூடாதாம்.

"புகார் கொடுக்கலாமே?"

அக்காக்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "புகார் கேக்குற அதிகாரி யாருன்னு தெரியுமாடி? மேனேஜரோட மச்சான்!"

அந்த வாரமே தலைமை அலுவலகத்திலிருந்து இயக்குநரம்மா வந்தார், புகாரே வராத கிளைக்குக் கேடயம் கொடுக்க. மேனேஜருக்குத் தலைகால் புரியவில்லை.

"துறைமுகத்துலேருந்து ஓயாம புகார் வருது. இங்கதான் எல்லாரும் ஒத்துமையா இருக்கீங்க," என்று மைக்கில் உருகினார் அம்மா.

"அந்த ஊர்க்காரி நீயே நன்றி சொல்லும்மா," என்று மேனேஜர் அவளை மேடைக்குத் தள்ளிவிட்டார். அவர் செய்த ஒரே தப்பு அதுதான்.

அவள் மைக்கைப் பிடித்தாள். "மேடம், அங்க சொன்னா காது கொடுத்துக் கேக்க ஆள் இருக்கு. அதான் சொல்றோம். இங்க மச்சானைப் பத்தி மச்சான்கிட்டயே போய்ச் சொல்லணும்!"

சிரிப்பு கிடங்கின் தகரக் கூரையில் போய் முட்டியது. கேடயத்துக்கு நீண்ட மேனேஜரின் கை அந்தரத்தில் நின்றது. மச்சானோ பெட்டி அடுக்குக்குப் பின்னால் பதுங்கினார்.

"முதல் புகார் என்னோடது. வண்டி ஓட்ட வந்தவளை டேப் ஒட்ட விட்டுருக்காங்க."

"ரெண்டாவது என்னுது!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். அப்புறம் யார் எத்தனாவது என்றே தெரியவில்லை. ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டு மேடையேறினார்கள். இயக்குநரம்மா கேடயத்தை நாற்காலிக்கடியில் தள்ளிவிட்டுப் பேனாவைத் திறந்தார்.

"மெதுவாம்மா, மெதுவா! ஒருத்தரையும் விடமாட்டேன்."

மாலைக்குள் மச்சானின் பதவி பறிபோனது. இனி புகார்களைத் தலைமை அலுவலகமே நேராகக் கேட்கும் என்று முடிவானது. வண்டிச் சாவியை மேனேஜரே கொண்டுவந்து கொடுத்தார், முகத்தில் ஈயாடவில்லை.

வீடு திரும்பும் பேருந்தில் ஒரே கும்மாளம். வாயே திறக்காதவள் என்று பேரெடுத்த ஒரு அக்கா, மச்சான் பதுங்கியதை நடித்துக் காட்டினாள். எல்லாருக்கும் சிரித்துச் சிரித்துத் தொண்டை கட்டிவிட்டது.

கண்டக்டர் திகைத்துப் போய்க் கேட்டார்: "எந்த வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிட்டு வர்றீங்க?"

அவ்வளவுதான், பேருந்தே மறுபடியும் சிரிப்பில் குலுங்கியது.