ஸைனம்புவின் மனுவுக்கு ஒரு சொல்

மார்கழி வெள்ளம் வடிந்து ஊர் காய்ந்த பிறகுதான் எனக்கு முசீபத்து, பெரிய தொல்லை, ஆரம்பமானது. ஐம்பத்தேழாம் ஆண்டு முடிகிற கையோடு குளங்களை உடைத்துக்கொண்டு வந்த தண்ணீர், நற்பிட்டிமுனையில் பாதி வீடுகளைக் கரைத்துவிட்டுப் போனது. வீடு இழந்தவர்கள் நிவாரணத்துக்கு மனுக் கொடுக்க வேண்டும் என்று அரசாங்கக் கந்தோரிலிருந்து அறிவித்தல் வந்தது. எழுதுவதற்கு ஊரில் யார் இருக்கிறார்? முத்தலிப் மாஸ்டர் இருக்கிறாரே! பகல் முழுக்க எட்டாம் வகுப்பில் தொண்டை கிழியக் கத்திவிட்டு வந்து, நான் சாரத்தை மாற்றுவதற்குள் முற்றத்தில் ஆள் நிற்கும்.

முதல் கட்டு மனுக்களை ஒரே மாதிரித்தான் எழுதினேன். சுவர்கள் ஒரே மாதிரித்தானே விழுந்தன? கட்டு அப்படியே திரும்பி வந்தது. எல்லாம் ஒரே வசனமாக இருக்கிறதாம். ஒருவரைப் பார்த்து மற்றவர் எழுதியதாகச் சந்தேகமாம். அவரவர் கஷ்டத்தை அவரவர் சொல்லில் எழுத வேண்டுமாம். கந்தோரில் இருப்பவர்களுக்கு வேறு வேலை இல்லை என்று வாய் நிறையத் திட்டிவிட்டு, மறுபடியும் பேனையைத் திறந்தேன்.

அப்போது எனக்குக் கைகொடுத்தது என் பாடம்தான். முன்னொட்டுப் பாடம். ஒரு சொல்லைப் பாடமாக்கினால் ஒரு சொல்தான் மிஞ்சும். சொல்லுக்கு முன்னால் ஒட்டுகிற துண்டைத் தெரிந்துகொண்டால் ஒன்றிலிருந்து நாலு பிறக்கும் என்று பிள்ளைகளுக்கு ஓயாமல் சொல்லி வந்திருக்கிறேன். 'நிர்' என்றால் இல்லை. 'அ' என்றாலும் இல்லை. ஆதரவுக்கு முன்னால் வைத்தால் நிராதரவு, அநாதரவு. கதிக்கு முன்னால் வைத்தால் நிர்க்கதி, அகதி. பாக்கியத்துக்கு முன்னால் 'துர்' வைத்தாலும் 'அ' வைத்தாலும் தலைவிதி ஒன்றுதான். கரும்பலகையில் எழுதியபோது பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். இப்போது ஊரே வந்து நின்று வாங்கிக்கொண்டு போனது. மக்கீன் காக்கா நிராதரவானார். அதே சுவர் விழுந்ததில் அவருடைய தம்பி முனாப் அநாதரவானார். ஹவ்வா உம்மாவுக்கு நிர்க்கதி, அவருடைய மருமகனுக்குத் துர்ப்பாக்கியம்.

கந்தோரும் ஏற்றுக்கொண்டது. ஓலையும் கம்பும் கிடைத்தவர்கள் அதற்குப் பிறகு என் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. ஆறு கடக்கும்வரை அண்ணன் தம்பி என்று சும்மாவா சொன்னார்கள்? எனக்கு அதிலும் ஒரு நிம்மதிதான். ஒரே துன்பத்துக்கு விதவிதமாக உடுப்புத் தைத்துத் தைத்து அலுத்துப் போயிருந்தேன்.

மாசியில் இன்னொரு அறிவித்தல் வந்தது. எல்லாருக்கும் கொடுத்து வந்த நிவாரண அரிசி நின்றுவிடும். இனி விதவைகளுக்கும் அங்கவீனர்களுக்கும் மட்டும், அடுத்த அறுவடை வரைக்கும் கிடைக்கும். அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு ஸைனம்பு வந்தாள்.

அவள் காலிதீனின் பெண்சாதி. காலிதீன் வரிப்பத்தான்சேனைப் பக்கம் வயல் காவலுக்குப் போனவன். வெள்ளம் வந்த இரவில் அவன் படுத்திருந்த வாடிக் குடிசையே போய்விட்டது. பக்கத்து வாடிக்காரர்கள் இரண்டு பேருடைய மையித்து கிடைத்தது. காலிதீனுடையது கிடைக்கவில்லை. மூன்று சின்னப் பிள்ளைகள். நெல்லுக் குத்தித்தான் அவள் சீவியம் போனது, இப்போது குத்துவதற்கு ஊரில் நெல் எங்கே இருக்கிறது?

"எனக்கும் ஒரு மனு எழுதித் தாங்க மாஸ்டர். ஆனா விதவை எண்டு மட்டும் போடப்படா" என்றாள்.

"அப்பிடிப் போடாம எப்பிடிப் புள்ள அரிசி தருவாங்க?"

"அவரு மௌத்தானதக் கண்ட ஆள் ஆரு? காட்டுப் பக்கம் எங்கயாச்சும் ஒதுங்கி இரிப்பாரு. பாதை சரிவந்தா வருவாரு." பிறகு சொன்னாள்: "விதவை எண்டு எழுதினா இத்தா இரிக்கணும். நாலு மாசமும் பத்து நாளும் வெள்ள உடுத்து ஊட்டுக்குள்ள இரிந்தா, அவரு மௌத்து எண்டு நானே ஒத்துக்கொண்ட மாதிரி. என்னால ஏலா மாஸ்டர்."

ஊர் முழுக்கத் தெரிந்த ஒன்றை அவள் ஒருத்தி மட்டும் தெரிந்துகொள்ள மறுத்தாள். எனக்கு வாதாடத் தெம்பில்லை. அவளைப் பார்க்கவும் பாவமாக இருந்தது. 'நிராதரவான நிலையில் உள்ள' என்று எழுதி, மறுநாள் கல்முனைக்குச் சைக்கிள் மிதித்தேன்.

கந்தோரில் நிவாரணத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் புண்ணியமூர்த்திக் கிளாக்கர். பாண்டிருப்பு ஆள், நல்ல மனுசன். அவரும் என்னைப் போலத்தான், கண்ணுக்குக் கீழே கறுத்துப் போயிருந்தார்.

"ஊர் முழுக்க நிராதரவுதானே மாஸ்டர்? இவ விதவையா, இல்லையா?"

அடுத்த நாள் 'நிர்க்கதியான' என்று மாற்றிக் கொண்டுபோனேன். அதுவும் சரிவரவில்லை. அதற்கடுத்த நாள் 'நாயகனைப் பிரிந்த' என்று எழுதினேன்.

"பிரிஞ்சதா? தலாக் குடுத்திட்டாரா?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, தன் முன்னால் இருந்த விண்ணப்பப் பாரத்தை என் பக்கம் திருப்பினார். "இஞ்ச பாருங்க. இதில ரெண்டு கூடுதான் இருக்கு. விதவை, அங்கவீனம். உங்கட சொல்லெல்லாம் வடிவுதான் மாஸ்டர், நான் அத எங்க கொண்டுபோய் வைக்கிற? வெள்ளிக்கிழமையோட பதிவு முடியுது. அந்த ஒரு சொல்லைப் போட்டுத் தாங்க, மிச்சத்த நான் பாக்கன்."

திரும்பி வரும்போது எதிர்காற்று. எல்லார் மேலும் எனக்குக் கோபம் வந்தது. கந்தோர் மேல், காலிதீன் மேல், அந்தப் பொல்லாத பிடிவாதக்காரி மேல். வீட்டு முற்றத்தில் அவள் எனக்காகக் காத்திருந்தாள். சைக்கிளைச் சாய்த்து வைத்த கையோடு பாடத்தைத் தொடங்கிவிட்டேன்.

"கேளு புள்ள. 'வி' எண்டதும் 'நிர்' மாதிரி முன்னால ஒட்டுறதுதான். தவன் எண்டா புருசன். முன்னால 'வி' வந்தா புருசன் கூட இல்லாதவள். அவ்வளவுதான். மௌத்து எண்டு அந்தச் சொல்லுக்குள்ள எங்கயும் இல்ல. உன்ட புருசன் இப்ப உன்னோட இல்லத்தானே? எழுதினா என்ன பொய்?"

அவள் கடைசி வரைக்கும் கேட்டாள். என் வகுப்பில் எவரும் அப்படிக் கேட்டதில்லை.

"அந்தச் சொல்லுக்குள்ள மௌத்து இல்லாம இரிக்கலாம் மாஸ்டர். அத வாசிக்கிற ஆக்களுக்குள்ள இரிக்கே" என்றாள்.

சொல்லிவிட்டு எழும்பிப் போய்விட்டாள். பசித்த வீட்டுக்கு இலக்கணம் பரிமாறப் போன என்னை நினைக்க எனக்கே வெட்கமாக இருந்தது. அன்று சோறு இறங்கவில்லை. என் மனைவி கமீலா சோற்றுக் கோப்பையை எடுத்துக்கொண்டு போனாள்.

வியாழக்கிழமை அஸருக்குப் பிறகு ஸைனம்பு மறுபடியும் வந்தாள். இடுப்பில் கடைக்குட்டி இருந்தது. மூன்று நாளாகக் குளத்து ஒல்லிக்கிழங்கை அவித்துத்தான் கொடுக்கிறாள் என்று கமீலா எனக்குச் சொல்லியிருந்தாள். பிள்ளை அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"எழுதுங்க மாஸ்டர்."

"என்னெண்டு எழுத?"

"அவங்க கேக்கிற சொல்ல."

எழுதினேன். அவளுடைய பெயர், ஊர், பிள்ளைகளின் தொகை, அந்தச் சொல். வேறு எதையும் சேர்க்க மனம் வரவில்லை. நான் எழுதிய மனுக்களிலேயே அதுதான் சின்னது. வாசித்துக் காட்டவா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, மைப்பெட்டியில் பெருவிரலை வைத்துக் கடதாசியில் ஊன்றினாள். விரலை உடனே எடுக்கவில்லை.

பிறகு கமீலாவைப் பார்த்துக் கேட்டாள்.

"ராத்தா, உங்கட ஊட்டுல வெள்ளப் புடவை ஒண்டு இரிக்கா? என்னட்ட இருந்ததெல்லாம் வெள்ளத்தோட போயிட்டு."

கமீலா உள்ளே போய்த் தன் தொழுகைப் புடவையைக் கொண்டுவந்து கொடுத்தாள். ஸைனம்பு பிள்ளையை இறக்கிவிட்டு, உடுத்திருந்த சிவப்புச் சீத்தைப் புடவைக்கு மேலேயே அதைச் சுற்றிக்கொண்டாள். முக்காட்டை முகம் மறைய இழுத்துவிட்டு எனக்கு முதுகைக் காட்டி நின்றாள். எனக்கு விளங்க ஒரு கணம் பிடித்தது. இத்தா இருக்கிற பெண் எங்கள் ஊரில் அந்நிய ஆணோடு கதைப்பதில்லை. அவளுடைய இத்தா என் முற்றத்திலேயே தொடங்கிவிட்டது.

"ராத்தா, மாஸ்டர்ட்டச் செல்லுங்க" என்றாள். நான் கை எட்டுகிற தூரத்தில்தான் நின்றேன். "அரிசி கெடச்சா ஆர்ட கையிலயாச்சும் குடுத்து உடச் செல்லுங்க."

கமீலா என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன்.

ஸைனம்பு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசல் கடப்படி வரைக்கும் போய் நின்றாள். திரும்பவில்லை.

"இன்னொண்டும் செல்லுங்க ராத்தா. அவரு வந்திட்டா, இந்த மனுவத் திருப்பி எடுத்துத் தரச் செல்லுங்க."

கமீலா மறுபடியும் என்னைப் பார்த்தாள்.

"எடுத்துத் தாறன் எண்டு செல்லு" என்றேன் கமீலாவிடம்.