ஒரு நூல் விலகிய திருகு

டாக்டர் ராதிகா ரவுண்ட்ஸ் வருகிறார் என்றதும் கட்டிலில் கிடந்த பாவாடை முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரிக்கத் தயாரானார். கச்சிராயபாளையம் பக்கம் கரும்பு லோடு ஏற்றும் கூலி அவர். லாரி உச்சியிலிருந்து கரும்புக் கட்டோடு விழுந்து முதுகெலும்பு உடைந்து, கள்ளக்குறிச்சியில் ஓர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். நேற்றுதான் ஆபரேஷன். முதுகைப் பிளக்காமல் சின்னச் சின்னத் துளை போட்டு, எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடியே ஆறு திருகுகளை எலும்பில் இறக்கியிருந்தார் டாக்டர்.

முன்கூட்டியே அவர் எச்சரித்திருந்தார். சின்னத் துளை சீக்கிரம் ஆறிவிடும். ஆனால் திருகு ஒரு நூல் விலகினாலும் நரம்பை அழுத்தலாம், கால் மரத்துப்போனால் உடனே சொல்ல வேண்டும் என்று. பாவாடை நன்றாகத் தலையாட்டினார். தலையாட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

"கால் மரத்துப் போகுதா?" என்று இப்போது டாக்டர் கேட்டார்.

"இல்லீங்க. நல்லாருக்குதுங்க."

பச்சைப் பொய். ஆபரேஷனுக்கு முன் நன்றாக இருந்த இடது தொடை இப்போது மரக்கட்டையாகக் கிடந்தது. ஆனால் மேஸ்திரி கேட்டாலும் நிலத்துக்காரர் கேட்டாலும் குறை சொல்லாமலே பிழைத்த மனிதர் அவர். குறை சொன்னவனுக்கு மறுநாள் வேலை கிடைக்காது. டாக்டரின் வேலையிலேயே குறை சொன்னால் சும்மா விடுவாரா? மறுபடி கத்தி வைப்பார்களோ?

மத்தியானம் மனைவி செந்தமிழ்ச்செல்வி வெந்நீரில் துணி நனைத்துக் கால்களைத் துடைத்தாள். சூடு தாங்காமல் வலது கால் துள்ளியது. இடது தொடை அசையவில்லை.

"இன்னாய்யா, சுடலியா?"

பாவாடை அவள் கையைப் பிடித்துக்கொண்டு, யாரிடமும் மூச்சு விடாதே என்று கெஞ்சினார். அவளும் பயந்த சுபாவம். அழுதாளே தவிர வாய் திறக்கவில்லை. மறுநாள் டாக்டர் கேட்டபோதும் இருவரும் சிரித்தே வைத்தார்கள்.

மூன்றாம் நாள் அவரை வாக்கரைப் பிடித்து நிற்க வைத்தார்கள். இடது முட்டி மடங்கியது. இரண்டு பேர் தாங்காவிட்டால் தரையில் விழுந்திருப்பார். இனி நடக்கவே முடியாதோ என்ற பயம் வந்ததும் மற்ற பயமெல்லாம் ஓடிப்போனது. டாக்டரைக் கண்டதும் அழுதுவிட்டார்.

"முதல் நாள்லேர்ந்தே தொடை மரத்துக்கினு கீதுங்க. பயந்துக்கினு சொல்லலீங்க."

உடனே ஸ்கேன் எடுத்தார்கள். இடப்பக்கத்துக் கடைசித் திருகு ஒரு நூல் உள்ளே தள்ளியிருந்தது. டாக்டர் எதையும் மறைக்கவில்லை. அன்றே அதைக் கழற்றிச் சரியாகப் போட்டார்.

மறுநாள் காலை வந்து கட்டிலருகே உட்கார்ந்தார்.

"திருகு விலகினதுல உங்க தப்பு ஒண்ணும் இல்ல. ஆனா முதல் நாளே சொல்லியிருந்தா அன்னைக்கே எடுத்திருப்பேன். இனி நரம்பு எவ்வளவு தேறும்னு பொறுத்துத்தான் பாக்கணும். இப்ப எப்படி இருக்கு?"

பழைய பதில் நுனிநாக்கு வரை வந்தது. பாவாடை அதை விழுங்கினார்.

"முட்டிக்கு மேல ஒரு சாண் இன்னும் தெரியலீங்க. வலியும் ஜாஸ்திங்க."

டாக்டர் கவனமாக எழுதிக்கொண்டு போனார். செந்தமிழ்ச்செல்வி மெல்லக் கேட்டாள், அவர் கோபித்துக்கொண்டாரா என்று.

"கோச்சிக்கல புள்ள. நோவ மறச்சி வெச்சத மரியாதைன்னு நெனச்சிக்கினு இருந்தேன். வைத்தியம் பாக்குறவங்களுக்கு உள்ளத உள்ளபடி சொல்லணும், அதான் மரியாதை. ரெண்டு நாளு சிரிச்சதுக்கு என் காலே போவப் பாத்துச்சே."