பாறை எங்கே போகிறது

காலையில் என் இடது கை சட்டைக்குள் போக மறுத்தது. தோள்பட்டை வீங்கி, தொட்டாலே சுட்டது. என் மனைவிதான் கையைப் பிடித்து நுழைத்துப் பொத்தானையும் போட்டுவிட்டாள். போட்டுக்கொண்டே சொன்னாள்: "இன்னிக்கு எங்க அண்ணன்கிட்ட நீங்க சொல்லலைன்னா நான் சொல்லிடுவேன்."

"சொல்றேன்."

"போன வாரமும் இதே வாய்தான் சொல்லுச்சு."

அவள் அண்ணன், என் மச்சான், என்னோடு ஒரே தடியில் சுமை தூக்குகிறவர். வண்டி நுழையாத சந்துகளில், லிஃப்ட் இல்லாத மாடிகளுக்கு மோட்டாரும் பீரோவும் ஏற்றுவது எங்கள் பிழைப்பு. தடியின் நடுவில் சுமை தொங்கும். முன்னால் அவர், பின்னால் நான். கயிறு வழுக்காமல் இருக்க நட்டநடுவில் ஒரு வெட்டு உண்டு. கயிறு யார் பக்கம் நகர்கிறதோ அவர் தோளில் பாரம் கூடும். இதை எங்கள் கிடங்கில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. தோளே சொல்லித் தரும்.

மழை தொடங்கிய சமயம் மச்சானின் வலது தோளில் தசைநார் கிழிந்தது. ஆபரேஷன் செய்யணும், உங்கள் முறை வரும்வரை பாரம் தூக்காதீர்கள் என்றார் டாக்டர். மச்சான் தலையை ஆட்டிவிட்டு மறுநாளே வேலைக்கு வந்து நின்றார். கிடங்கில் வேலை ஆளுக்கில்லை, ஜோடிக்கு. ஒருத்தன் படுத்தால் இரண்டு பேரும் வரிசையில் கடைசி. ஒழுங்காக அடுப்பு எரியாது.

நான் வாதாடவில்லை. அன்று சாயங்காலமே அரத்தை எடுத்துத் தடியில் புது வெட்டு போட்டேன், நடுவிலிருந்து ஒரு சாண் என் பக்கமாக. கயிறு கட்டுவது எப்போதும் என் வேலை. முன்னால் நடக்கிறவருக்கு முதுகில் கண் கிடையாது.

சொல்லியிருந்தால் ஒத்துக்கொண்டிருக்க மாட்டார். தங்கை வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடித்தாலும் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போகிற ஆள்.

வினை வேறு பக்கத்திலிருந்து வந்தது. ஓய்வு நாளில் நாங்கள் கூடுவது டெய்லர் கடைக்கு மேல் மாடியில். டெய்லர்தான் வேதம் வாசிப்பார். அந்த வாரம் பார்த்து அவர் வாசித்த வசனம்: 'நம்பி நடப்பவன் தோளில் பாறையும் பஞ்சாகும்.'

"இதை அப்படியே எடுத்துக்கக் கூடாது," என்றார் டெய்லர். "பாறைன்னா மனக்கவலை. பஞ்சுன்னா நிம்மதி."

மச்சான் எழுந்துவிட்டார். "டெய்லரே, கவலையைத் தூக்கவா எனக்குக் கூலி தர்றாங்க? தோள்னு போட்டிருக்கு. என் தோளுக்குத் தெரியும். நேத்து மூணாவது மாடிக்கு மோட்டார் ஏத்தினோம். பஞ்சு மாதிரி இருந்துச்சு. மாப்பிள்ளையைக் கேளுங்க!"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையைச் சொறிந்தேன். நல்ல காரியம் செய்தவன் திருடன் மாதிரி முழித்தேன்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. ஆஸ்பத்திரியில் முறை வந்து, நாளைக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். மச்சான் போக மாட்டேன் என்றார். "கடவுள் சரி பண்ணினதைக் கத்தியால கீறச் சொல்றியா?" இதைச் சாட்சியாக இன்று மாடிக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சொல்லப் போகிறாராம். இந்த முறையை விட்டால் கை நிரந்தரமாக மேலே எழும்பாது என்று டாக்டர் அப்போதே சொல்லியிருந்தார்.

டெய்லர் பழைய தையல் மெஷின் ஒன்று வாங்கி, மாடிக்கு ஏற்றித் தரச் சொல்லியிருந்தார். தடியோடு போனேன். மச்சான் துவைத்த சட்டையில் படிக்கட்டருகே நின்றார், மாப்பிள்ளைக் கோலம்தான் பாக்கி.

கயிற்றைக் கட்டி, தடியை அப்படியே திருப்பினேன். என் முனை அவரிடம் போனது.

"மச்சான், இன்னிக்கு நீங்க பின்னால."

"ஏன், உனக்கு வயசாயிடுச்சா?"

"படி ஏற வேண்டாம். சும்மா தரையை விட்டு ஒரு தடவை எழுப்புங்க, போதும்."

எழுப்பினார். மெஷின் தரையை விட்டு ஒரு விரல்தான் உயர்ந்திருக்கும். முகம் சுண்டியது. சத்தம் போடாமல் இறக்கி வைத்தார். அப்புறம்தான் தடியைப் பார்த்தார். நடு வெட்டில் தூசி அடைந்திருந்தது. பக்கத்து வெட்டு கயிறு உரசி உரசிப் பளபளவென்றிருந்தது. அதற்குள் விரலை வைத்து அளந்தார்.

"எப்பலேருந்துடா?"

"மழை ஆரம்பிச்சதுலேருந்து."

"என்னைக் கோமாளி ஆக்கிட்டியே! ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். என் நம்பிக்கையையே திருடிட்டியேடா."

சத்தம் கேட்டு இறங்கி வந்த டெய்லருக்கு விஷயம் புரிந்தது. மெதுவாகச் சொன்னார், "அதான் அன்னிக்கே சொன்னேன். அது உவமை."

"இல்லங்க," என்றேன். சட்டையை இறக்கித் தோளைக் காட்டினேன். "இது உவமையா? மச்சான் தோள்ல பாறை பஞ்சாச்சு, அது நிஜம். வசனம் பொய் சொல்லலை. பாறை எங்கே போகுதுன்னு மட்டும் அதுல எழுதலை."

டெய்லர் வீக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப அந்த வசனம் தூக்கறவனுக்கு எழுதினது மட்டுமில்ல தம்பி, கூட நடக்கிறவனுக்கும் எழுதினது," என்றார். "அடுத்த வாரம் நீயே வாசி."

"எனக்கு எழுத்துக் கூட்டவே அரை நாள் ஆகும்."

மச்சான் சிரிக்கவில்லை. விடுவிடுவென்று படியேறிப் போனார். நானும் பக்கத்துக் கடைப் பையனும் சேர்ந்து மெஷினை மேலே கொண்டுபோய்ச் சேர்த்தபோது, அவர் கூட்டத்துக்கு நடுவில் நின்றிருந்தார். சாட்சி சொல்லாமல் விடுவாரா? சொன்னார்.

"பாறை பஞ்சாகலை. அது என் தங்கச்சி புருஷன் தோள்ல இருந்துச்சு. நான் நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறேன்."

உட்கார்ந்துவிட்டார். அவ்வளவு சின்னச் சாட்சியை அந்த மாடி அதற்குமுன் கேட்டதில்லை.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. நான் வரிசையில் கடைசிக்குப் போனேன்; போனால் போகட்டும். ஒரு வேளை சமைத்தோம், இரண்டு வேளை சாப்பிட்டோம். மச்சான் கையைத் துணியில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். என் தடியை வாங்கி, மறு கையில் அரத்தைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாவது வெட்டு ஒன்று போட்டார், நடுவிலிருந்து ஒரு சாண் அவர் பக்கமாக. டாக்டர் பார்த்திருந்தால் அடித்திருப்பார்.

"கை சரியாகட்டும்," என்றார். "கயிறு இங்கேதான் கட்டணும். அடுத்த மழை முடியற வரைக்கும்."

வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து போய்விடுவார். அந்த வெட்டில் இன்னும் கயிறு ஏறவில்லை. ஒரு மழைக்காலச் சுமை, மச்சான் எனக்குத் தர வேண்டிய கடன்.