சத்தம் போடாத தோட்டா

1

இந்தக் கதை என்னுடையதல்ல. எங்கள் பனிநாட்டு நகரின் ஓரத்தில், ஸ்டோவ்னரில் ரயிலேறிய கம்சாயினி, நகர மையம் வருவதற்குள் சொல்லி முடித்தது. வாகனம் மோதிக் குற்றுயிராய்க் கிடக்கும் காட்டு விலங்குகளைச் சுட்டு, வேதனையை முடித்துவைக்கும் நகரசபைக் குழுவில் அவள் இருக்கிறாள். வீட்டுக்கு வந்ததும் ஒரு தொடக்கம் எழுதினேன்:

வெடிச்சத்தம் கேட்டதும் அவள் கணவன் றொபின், கட்டிலுக்கடியில் போய்—

மறுநாள் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன்.

"என்ன அண்ணை, சண்டையைப் பாத்த எங்கடை ஆக்களெண்டால் வெடிக்கு நடுங்கத்தான் வேணுமோ? அந்த மனுசன் இடி விழுந்தாலும் எழும்பாது. குட்டிகளுக்காகத்தான் சத்தமில்லாத துவக்குத் தேடினனான் எண்டு சொன்னது கேக்கேல்லையோ?"

றொபினை நீக்கிவிட்டேன்.

2

தாய் அடிபட்டால் பக்கத்தில் குட்டி நிற்கும். வெடியோசைக்கு வெருண்டு வீதியில் பாயும். அப்படி ஒன்று பேருந்தின் முன் விழுந்ததைக் கம்சாயினி பார்த்திருந்தாள்.

சுடும் கழகத்தில் அவளுக்குப் பழக்கமான ரகு மதுரைக்காரர். மென்பொருள் வேலை, விடுமுறையில் வேட்டை.

"உங்ககிட்ட இருக்கிற த்ரீ நாட் எய்ட் துப்பாக்கிலயே ஸ்லோ புல்லட் போட்டா போதாதாங்க?"

"போட்டுப் பாத்தனான். பெரிய தோட்டாக் கோதுக்குள்ளை துளி வெடிமருந்து. ஒரு வெடி மேலை போகுது, மற்றது கீழை."

"அப்ப த்ரீ ஹண்ட்ரட் பிளாக்அவுட் துப்பாக்கி வாங்குங்க. சின்ன கேஸ், வெயிட்டான புல்லட். இதுக்குன்னே செஞ்சது."

"ஆனால் பலம் குறைவெல்லோ? நல்லாக் கிட்டப் போகவேணும்."

"போய்த்தான் ஆகணும்."

அதையே சைலன்சரோடு வாங்கினாள்.

(அடிக்குறிப்பாகப் போயிருக்கவேண்டியது: சைலன்சர், துப்பாக்கிக் குழல் வாயின் சத்தத்தைத்தான் விழுங்கும். ஒலியை முந்தும் தோட்டா காற்றில் சாட்டை சொடுக்கிக்கொண்டே போகும். ஆகவே தோட்டாவும் ஒலிக்குப் பின்னால் வரவேண்டும். ரகு இதை இரண்டு பக்கத்துக்கு விளக்கினார். வெட்டிவிட்டேன்.)

3

நவம்பர் காலை. வெஸ்ட்லி மாடிக் குடியிருப்புகளுக்குக் கீழே, குதிரை உயரப் பெண் எல்க் மான் ஒன்று இடுப்பு முறிந்து கிடந்தது. குட்டி ஓரமாய் நின்றது. கம்சாயினி கிட்டப்போய், முழங்காலிட்டுச் சுட்டாள். புத்தகத்தை மூடியதுபோல ஒரு— (வேண்டாம். சின்னச் சத்தம், அவ்வளவுதான்.) தாய் அந்தக் கணமே அடங்கியது.

குட்டி ஓடவில்லை. அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

பிறகு அது நடந்து வந்து தாயின் காதை நக்கியது. மூக்கால் தள்ளிப் பார்த்தது. அணைந்து படுத்துக்கொண்டது. நடந்ததை அதற்குச் சொல்லியிருக்கக்கூடிய ஒன்றே ஒன்றையும் அவள்தான் தேடித் தேடி இல்லாமற் செய்திருந்தாள்.

4

இங்கே மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் குட்டியையும் சுடுகிறாள். தாயில்லாமல் பனிக்காலத்தைத் தாண்டாது என்று அங்கே நின்ற பொலிஸ்காரரும் சொன்னார். இன்னொன்றில் தாயை ஏற்ற வந்த வண்டியின் பின்னால் குட்டி— முடிக்கவில்லை.

நடந்தது மூன்றாவது. துவக்கை வெறுமையாக்கிப் பொலிஸ்காரரிடம் கொடுத்துவிட்டு, கைகளை விரித்துக்கொண்டு குட்டியை நோக்கி ஓடினாள்.

"எழும்பு! போ! இஞ்சை நில்லாதை, ஓடு!"

தொண்டை கிழியும்வரை கத்தினாள். மாடிகளில் ஜன்னல்கள் திறந்தன. குட்டி துள்ளியெழுந்து காட்டுக்குள் போயிற்று.

"தமிழிலையோ கத்தினனீர்?" என்று ரயிலில் கேட்டேன்.

"அந்த நேரம் வேறை எந்தப் பாஷை வரும்?"

ரயிலை விட்டு இறங்கும்போது கேட்டேன்: "தப்பியிருக்குமோ?"

"தெரியேல்லை அண்ணை. நீங்கள் எழுதிற ஆள். தப்பவைக்கலாம்தானே."

முயன்றேன். ஜனவரியில், பைன் மரங்களுக்கிடையில், அந்தக் குட்டி—

அவளுக்கே தெரியாததை எனக்குத் தெரியுமென்று எழுதக் கை வரவில்லை. நீங்கள் எழுதுங்கள். பனி ஆழமென்பதையும், தின்ன மரப்பட்டைதான் கிடைக்குமென்பதையும் மட்டும் மறக்காதீர்கள்.