சேற்று இனம் மட்டும்

காது கேட்கும் கருவி விற்கிற கடையில் வேலை பார்ப்பவளுக்கு அருவருப்பெல்லாம் கட்டுப்படியாகாது. சின்னவள் காலையில் கடைக்குப் போனதும் செய்கிற முதல் வேலை, வாடிக்கையாளர்கள் கொடுத்துவிட்டுப் போன கருவிகளைச் சுத்தம் செய்வது. மஞ்சளும் பழுப்புமாக அப்பிக் கிடக்கும் காதுக் குறும்பியைச் சின்னக் கம்பி வளையத்தால் சுரண்டி எடுப்பாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு, அதே மேசையில் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பாள்.

"எப்படிம்மா உனக்குத் தொண்டையில எறங்குது?" என்று மேனேஜர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

"குறும்பி என்ன சார் பண்ணுச்சு? அது பாட்டுக்கு அவங்க காதுல இருந்துச்சு" என்பாள்.

அப்படிப்பட்டவளுக்கே ஒரு கேம் குமட்டலைக் கொண்டுவந்தது.

கேமைச் செய்தவர் அவளுடைய அத்தான், அதாவது அக்காவின் கணவர். பகலில் ஏதோ அலுவலகத்தில் கணக்கு மென்பொருள் எழுதுவார். மற்ற நேரமெல்லாம் கேம்தான். காட்டிலும் மலையிலும் திரிகிற விநோத ஜந்துக்களைப் பிடித்து, வளர்த்து, சண்டைக்கு விடுகிற பழைய கேம் ஒன்று. அவரும் கூட்டாளிகளும் அதைப் பிரித்துப் போட்டு, புது ஊர்கள், புது ஜந்துக்கள், புதுக் குரல்கள் என்று மாற்றி இலவசமாக வெளியிட்டிருந்தார்கள். குடும்பத்தில் யாருக்கும் அது என்னவென்று சரியாகத் தெரியாது. ஆனால் அந்த ரசிகர் வட்டத்தில் அத்தானுக்குத் தனி மரியாதை.

அந்த வட்டத்தில் ஒரு போட்டி ஓடிக்கொண்டிருந்தது. ஒரே இனத்து ஜந்துக்களை மட்டும் வைத்துக் கடைசிவரை போக வேண்டும். நெருப்பு இனத்தை வைத்து முடித்தவர்கள் ஏராளம். பறவை, கல், தண்ணீர் எல்லாம் ஆகிவிட்டன. சேற்று இனத்தை மட்டும் பெரும்பாலும் எவரும் சீந்தவில்லை. ஓரிருவர் கடைசிவரை வளர்த்துப் பார்த்ததாகப் பேச்சு. அவர்கள் எழுதியதைச் சின்னவள் படிக்கவில்லை. முன்கூட்டியே தெரிந்துகொண்டால் ருசி போய்விடும்.

ஒருநாள் அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தபோது, சேற்றை எடுத்திருப்பதாகப் பெருமையாகச் சொன்னாள். அத்தானின் கை சோற்றிலேயே நின்றது.

"சேறா? அது சும்மா எண்ணிக்கைக்குப் போட்டது சின்னு. பறவை எடு, ஜாலியா இருக்கும்."

"ஏன், என்னால முடியாதுன்னு பாக்கறீங்களா?"

"அப்படி இல்ல. போர் அடிக்கும், அவ்வளவுதான்."

"அடிச்சா அடிக்கட்டும் அத்தான்."

அக்கா சிரித்தாள். "அவகிட்ட வேண்டாம்னு சொன்னா அதத்தான் செய்வா. சும்மா விடுங்க" என்று மகளுக்கு ஊட்டப் போய்விட்டாள்.

சின்னவளுக்கு ரோஷம் ஏறிவிட்டது. பேருந்தில், சாப்பாட்டு இடைவேளையில், பல் டாக்டரிடம் காத்திருக்கும்போது என்று போனும் கையுமாகவே இருந்தாள். முதலில் கிடைத்த ஜந்தின் பெயர் கசடு. கையளவு களிமண் உருண்டை, அதில் பிதுங்கிய இரண்டு கண்கள், அவ்வளவுதான். அடிக்கத் தெரியாது, ஓடத் தெரியாது, ஒட்டிக்கொள்ள மட்டும் தெரியும். தண்ணீர் ஜந்து எதிரே வந்தால் கரைந்தே போகும். தண்ணீர்க் கோட்டையில் அவள் வாங்கிய அடிக்கு அளவே இல்லை. கடைசியில்தான் சூட்சுமம் பிடிபட்டது. எதிரியின் காலில் ஒட்டு, இழு, களைப்பாக்கு, தானாக விழட்டும். கசடு மெல்ல வளர்ந்து குழைவான் ஆனது. தண்ணீர்க் கோட்டைத் தலைவியைக் குழைவான் இழுத்துச் சாய்த்த அன்று, பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் திரும்பிப் பார்க்கும்படி "அப்படிப் போடு!" என்று கத்திவிட்டாள்.

அடுத்த நாள் மதிய இடைவேளையில் குழைவான் கடைசி உருவத்துக்கு மாறியது. திரை வெளுத்து, அதிர்ந்து, ஒரு பெண்ணுருவம் எழும்பி வந்தது. ஊதிய வயிறு, தலையில் முண்டாசாகச் சுற்றிய துண்டு, மோவாயின் இடப்பக்கம் ஒரு மச்சம், வாயிலிருந்து வழிகிற பச்சைச் சேறு. கீழே பெயர் வந்தது: ஓங்காளி. பிறகு அது வாயைத் திறந்து குரல் கொடுத்தது.

ஹெட்போனில் கேட்டது ஓங்காளம். அடிவயிற்றிலிருந்து எக்கி எக்கி, ஒன்றும் வராமல், காற்றை மட்டும் கக்குகிற சத்தம். அதன் வாலில் கீச்சென்று வேகமாக ஏதோ இரண்டு வார்த்தை.

சின்னவள் சாப்பாட்டு டப்பாவை மூடிவைத்தாள். அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும், அக்காவின் மோவாயில் இருக்கிற அந்த மச்சமும். அக்கா வயிற்றில் பிள்ளையோடு இருந்தபோது ஒரு வாய்த் தண்ணீர்கூடத் தங்காமல், எலும்பும் தோலுமாக, குளியலறைத் தரையில் சுருண்டு கிடந்த மாதங்களில் கூடவே இருந்து பாத்திரம் பிடித்தவள் அவள்தான். அப்போது அவளுக்கு ஒருநாளும் அருவருப்பு வந்ததில்லை.

ஒருவேளை பிரமையோ என்று, காதுப் பரிசோதனை அறைக்குள் போய்க் கதவை மூடிக்கொண்டு, அந்தச் சத்தத்தைக் கணினியில் வேகம் குறைத்துப் போட்டாள். வாலில் இருந்த வார்த்தைகள் பிரிந்து வந்தன. அக்காவின் குரல், அழுகையும் கெஞ்சலுமாக:

"கதவ சாத்துங்க…"

அடுத்து, படிக்காமல் வைத்திருந்ததையெல்லாம் படித்தாள். அந்த ஓரிருவர் போட்ட வீடியோவில் ஓங்காளியைக் கண்டவர்கள் விழுந்து விழுந்து சிரித்திருந்தார்கள். ஒருவன் அதைப் போன் மணியாகவே வைத்திருந்தான். 'இந்தச் சத்தத்துக்கு யாரை நடிக்க வச்சீங்க தலைவா?' என்று ஒருவன் கேட்டிருந்தான். அத்தான் பதில் போட்டிருந்தார்: 'நடிப்பே இல்ல தம்பி. ஒரிஜினல் சரக்கு.' கூடவே கண்ணடிக்கிற பொம்மை.

அந்த நிமிஷமே அவள் மனதில் 'அவர்' போய் 'அவன்' வந்துவிட்டது. கையைக் கழுவினாள். சோப்புப் போட்டு மறுபடி கழுவினாள். ஹெட்போனைத் துடைத்தாள். என்ன துடைத்தும் காதுக்குள் பிசுபிசுப்புப் போகவில்லை. மேனேஜர் எட்டிப் பார்த்து, "என்னம்மா, உனக்கேவா?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் போனபோது அக்கா மகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். அவன் பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தான். பார்ப்பவர் மெச்சுகிற கணவன்தான். அக்காவின் ஈரச் சட்டையை உதறிய அந்த விரல்களிலிருந்து சின்னவள் இரண்டடி தள்ளியே நின்றாள்.

"ஓங்காளிய பார்த்துட்டேன்" என்றாள்.

அவன் கிளிப்பை வாயிலிருந்து எடுத்தான். முகம் மாறி, உடனே சிரிப்புக்கு வந்தது.

"அவ்வளவு தூரம் போயிட்டியா? கெட்டிக்காரி!"

"அது அக்கா குரல்."

"மெல்லப் பேசு. யாருக்குத் தெரியும் சொல்லு? பேர் போட்டேனா, போட்டோ போட்டேனா? எங்களுக்கு அது ஒரு கஷ்டமான நேரம் சின்னு. அத ஒரு ஞாபகமா, ஒரு இதுவா…"

"மச்சம் கூடவா ஞாபகத்துக்கு? சிரிக்க வச்சிருக்கீங்க. ஊரு சிரிக்குது."

"கேம்தானே! உனக்கு நகைச்சுவை உணர்ச்சியே கெடையாது." அவன் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினான். "இப்ப இத அவகிட்ட சொல்லி அவ மனச உடைக்கப் போறியா? நல்லா இருக்கிற குடும்பத்துல நீதான் கொளுத்திப் போடணுமா?"

அவனுடைய மூச்சு முகத்தில் பட்டது. செய்தவன் ஒருவன், சொன்னால் பழி இன்னொருத்திக்கு. எவ்வளவு லாவகமாக அழுக்கை அவள் கையில் தள்ளுகிறான்! சின்னவள் உள்ளே போனாள்.

அக்கா மகளுக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் நம்பவில்லை.

"ச்சீ, போடி. எங்க, போடு கேப்போம்."

"வேண்டாம்கா. நான் சொன்னா போதும்."

"போடுன்னேன்ல."

போட்டாள். அக்கா கடைசிவரை கேட்டாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மகள், "யாரும்மா வாந்தி எடுக்கறா?" என்றது. அக்கா மகளை அறைக்குள் அனுப்பிவிட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"நான் கதவ சாத்தச் சொன்னேன். கண்ண மூடிக்கிட்டுக் கெடந்தேன், சாத்துன சத்தமும் கேட்டுச்சு. அவர் வெளிய நிக்கறாருன்னு நெனச்சேன்டி. எனக்காகக் கவலப்பட்டு வெளிய நிக்கறாருன்னு…"

வாசலில் வந்து நின்றவனை அவள் ஏறிட்டுப் பார்த்தாள்.

"இவ்வளவு கிட்டத்துல கேக்குதே, போன வச்சுக்கிட்டு உள்ளயே நின்னீங்களா?"

அவன் கையிலிருந்த கிளிப்பைச் சட்டைப் பையில் போட்டான்.

"டாக்டர்கிட்ட காட்டத்தான் ரெக்கார்ட் பண்ணேன். அப்புறம் தோணுச்சு…"

"என்ன தோணுச்சு?"

அன்று மாலையே அக்கா மகளோடும் இரண்டு பைகளோடும் சின்னவளின் ஒற்றை அறைக்கு வந்துவிட்டாள்.

அம்மா போனில் புலம்பினாள். "ஒரு பொம்மை வெளையாட்டுக்காடி புருஷன விட்டு வருவாங்க? அடிச்சானா, குடிச்சானா?" அக்கா, "அடிச்சிருந்தா உனக்குச் சொல்றது சுலபமா இருந்திருக்கும்மா" என்று மட்டும் சொன்னாள்.

அவன் புதிய பதிப்பில் ஓங்காளியைத் தூக்கிவிட்டு, 'சொந்தக் காரணங்களால்' என்று எழுதினான். ரசிகர்கள் ஒப்பாரி வைத்தார்கள். பழைய பதிப்பு ஆயிரம் இடத்தில் கிடக்க, புதியதை எவன் சீந்துவான்? அப்போது அக்கா சின்னவளின் போனை வாங்கி, தன் பெயரிலேயே அங்கே எழுதினாள்: 'அது என் குரல். என்னைக் கேட்காமல் எடுத்தது. நான் அன்று செத்துவிடுவேன் என்று நினைத்தேன். சிரித்தவர்கள் இதையும் தெரிந்துகொள்ளுங்கள்.'

சிலர் மன்னிப்புக் கேட்டார்கள். போன் மணியாக வைத்திருந்தவன் அழித்துவிட்டதாக எழுதினான். சிலர் அதற்கும் சிரித்தார்கள். கூட்டாளிகள் அத்தானைக் குழுவிலிருந்து ஒதுக்கினார்கள். சின்னவள் கேமை அழித்தாள். பாவப்பட்ட கசடை நினைத்துத்தான் கொஞ்சம் வருத்தமாக இருந்தது. அது எந்தத் தப்பும் செய்யவில்லை.

மாதங்கள் போயின. அக்கா தனியாக வீடு பார்த்துக்கொண்டாள். மகளைப் பார்க்க அவன் வாரம் ஒருமுறை வரலாம் என்று பேச்சு. முதல்முறை வந்தபோது சின்னவளும் அங்கே இருந்தாள். பிள்ளை ஓடிப்போய் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டது. அந்தக் கை அதன் முதுகைத் தட்டிக்கொடுத்ததைப் பார்க்க முடியாமல் சின்னவள் சன்னல் பக்கம் திரும்பினாள். மகள் பிடிவாதம் பிடிக்கவே அவனும் உட்கார்ந்து சாப்பிட்டான். அவன் எழுந்ததும் தட்டு மேசையிலேயே கிடந்தது. அக்கா அதைத் தொடவில்லை. சின்னவளும் தொடவில்லை. அவன் கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். பிறகு தட்டை எடுத்துப்போய், குழாயைத் திறந்து, தானே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனான்.